மூன்றாம் முடக்கு

தேயிலைத் தோட்டத்தில் பள்ளத்து டிவிசனுக்குப் பெயர் வைத்தவன் யாரோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். அந்த வரிசை வீட்டு லயங்களிலிருந்து எங்கே போவதென்றாலும் முதலில் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஏறவேண்டும், கோயிலுக்கு ஏறவேண்டும், கடையில் ஒரு றாத்தல் பாண் வாங்கவும் ஏறவேண்டும். செத்தால்கூடத் தூக்கிக்கொண்டு மேலேதான் போவார்கள். லயத்தடியில் தொடங்கும் தோட்டத்து றோட்டு வளைந்து வளைந்து மூன்று முடக்குப் போட்டு மேட்டுக்கு ஏறுகிறது. அங்கிருந்து டயகம போகிற பெரிய றோட்டுக்கு இன்னும் நான்கு கிலோமீற்றர். அந்த முனையில்தான் பால் சென்டர் இருக்கிறது.

கார்த்திகை மழையில் இரண்டாம் முடக்கு பாதியாகச் சரிந்து ஆற்றோடு போயிற்று. மிச்சமிருக்கும் பாதியில் ஒரு ஆள் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், லொறி வராது. டிவிசனில் எட்டு வீட்டில் மாடு உண்டு. எட்டு வீட்டுக்காரரும் கேனைத் தோளில் வைத்து நடந்தார்கள். ஒருவர் ஏழு மணிக்குப் போவார், ஒருவர் ஒன்பது மணிக்குப் போய் நிற்பார். வெயில் அடித்த நாட்களில் பால் திரிந்து, சென்டரில் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிய பாலை நாகலெட்சுமி ஒரு நாள் ஆற்றில் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊற்றினது பால், அழுதது கறந்த கை. யாருக்குத்தான் வயிறு எரியாது?

வியாழக்கிழமை சென்டரில் பால் அளந்து எடுக்கும் பண்டார மாத்தயா நடந்தே இறங்கி வந்தார். நல்ல மனிதர், தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், தங்கச்சி என்பதை நங்கி என்பார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்.

"இப்படி ஒவ்வொரு ஆள் ஒவ்வொரு நேரம் வந்தா எனக்குச் செய்ய ஏலாது. திங்கக்கிழமையில இருந்து ஒரு ஆள் எல்லாப் பாலையும் கொண்டு வரணும். காலைல எட்டு மணிக்கு முன்னுக்கு. அம்பது லீற்றர் இருக்கணும். இல்லாட்டி இந்த டிவிசன் பேரை வெட்டிட்டு வேற தோட்டத்துக்கு அந்த எடத்தைக் குடுக்கச் சொல்லி மேல இருந்து சொல்லிட்டாங்க. நான் பொய் சொல்ல இல்ல."

ஐம்பது லீற்றரைத் தோளில் தூக்க யாருக்கு முடியும்? அப்போதுதான் வினோதா சொன்னாள்.

"நான் கொண்டாறேன் மாத்தயா."

"எப்படிக் கொண்டு வாறது நங்கி?"

"எங்க வீட்ல மோட்டார் சைக்கிள் இருக்கு. எனக்கு லைசனும் இருக்கு."

சிரித்தவர் கணேசமூர்த்தி. மூன்று மாடு வைத்திருப்பவர், டிவிசனிலேயே நிறையப் பால் அவருடையதுதான். ஐம்பத்துநாலு வயதிலும் காளைமாட்டுத் தோள்.

"மோட்டார் சைக்கிளா? கோழி முட்ட போடுற கூடுன்னு சொல்லு தாயி. எம் பாலை எந் தோளு சொமக்கும். நா கொண்டு போனா தனியாவும் எடுத்துக்குவாக. ஓட்ட வண்டிய நம்பிப் பாலைக் குடுத்துட்டு நா வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வினோதாவின் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிழிந்த தார்ப்பாய்ப் படங்குக்குள் நின்ற ஹொண்டா இருநூறின் சீட்டில் உண்மையிலேயே கோழி முட்டையிட்டிருந்தது. தோட்டத்து வேலையை மேற்பார்த்த பழைய கண்டாக்கு ஐயா பென்ஷனில் போகும்போது வினோதாவின் புருசன் ஜீவராஜுக்கு விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கார்பரேட்டர், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சைலன்சர். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் நின்றது, அதற்குப் பிறகு எழும்பவில்லை.

வினோதாவுக்கு இரண்டு மாடு. கொழுந்து எடுத்துக் கிடைப்பது வீட்டு அடுப்புக்குச் சரி. மகள் தனுஷிகா மட்டக்களப்பில் கெம்பஸில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவளுடைய சாப்பாடும் தங்குமிடமும் அந்த இரண்டு மாட்டின் மடியில்தான் இருந்தன. டிவிசன் பேரை வெட்டினால் மகளை வீட்டுக்குக் கூப்பிட வேண்டியதுதான். அதனால்தான் யோசிக்காமல் வாயைக் கொடுத்தாள்.

ஜீவராஜ் தேயிலை பெக்டரியில் ரோலர் சுற்றும் அறையில் பத்தொன்பது வருடம் நின்றவன். நடுவில் ஒரு வருடம் கொழும்பில் கட்டட வேலைக்குப் போனதைத் தவிர, மிச்சமெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்தான். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கிட்டப் போய்க் கத்தினால் விழும். முன்பெல்லாம் ஹொண்டாவைக் காதால் கேட்டே டியூன் பண்ணுவான். ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது மனைவி வந்து விசயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"திங்கக்கிழமைக்கா?"

"திங்கக்கிழமைக்கு!"

"காது போனவங்கிட்டப் போயி வண்டிய டியூன் பண்ணச் சொல்றியே புள்ள."

"கை போகலல்ல?" என்று அவள் கத்தினாள். அவன் சிரித்துவிட்டான். கோழியைத் துரத்திவிட்டுப் படங்கை இழுத்தான்.

அன்று மாலையும் மறுநாள் வேலை விட்டு வந்த பிறகும் அந்தக் கொட்டிலே கதி என்று கிடந்தார்கள். டாங்கைக் கழற்றி, பழைய எண்ணெயைக் கொட்டி, உள்ளே ஒரு கை சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். இரண்டு கார்பரேட்டரையும் கழற்றிப் பழைய சோற்றுக் கோப்பைகளில் போட்டு, துண்டு துண்டாகக் கழுவி, வாயால் ஊதினான் ஜீவராஜ். பித்தளை ஜெட்டுகளை விளக்கு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். ஊசி முனை அளவு ஓட்டைதான், ஆனால் அதன் வழியாகத்தான் எஞ்சின் சாப்பிடுகிறது.

"ரெண்டும் கிளீனா இருக்கு. எடது பக்கம் இன்னும் நல்லா இருக்கு, பளிச்சுன்னு வெளிச்சம் வருது" என்றான்.

வினோதா ரொட்டி சுடப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, பதினேழாவது உதையில், ஹொண்டா இருமிக்கொண்டு எழும்பியது. லயமே கொட்டிலுக்கு வந்துவிட்டது. நாகலெட்சுமி கற்பூரம் கொளுத்தி முன் சில்லுக்குச் சுற்றினாள். ஜீவராஜ் மட்டும் சிரிக்காமல் குந்தி உட்கார்ந்து, இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் இரண்டு உள்ளங்கையைப் பிடித்தான். சூடான காற்று இரண்டு கையிலும் தட்டியது. மெதுவாக ஓடும்போது சரியாகத்தான் இருந்தது. அக்சிலேட்டரை முறுக்கச் சொன்னான். உடனே இடது கையில் ஈரமும் கரியும் வந்து ஒட்டிற்று.

"இருட்டுறதுக்குள்ள ஒருக்கா ஏத்திப் பாத்துருவோம்" என்றான்.

இரண்டு கேனிலும் தண்ணீர் நிரப்பிக் கட்டிக்கொண்டு வினோதா ஏறினாள். முதல் முடக்கு ஏறியது. சரிந்த இடத்தில் உள்ளங்கால் கூசினாலும் அதையும் தாண்டினாள். மூன்றாம் முடக்கில் முறுக்க முறுக்க இடது பக்கத்திலிருந்து கரும்புகை பொங்கி, வண்டி ஒற்றைக் காலில் நொண்டுவது போல நொண்டி, நின்றது. நின்றதோடு பின்னுக்கும் உருண்டது. வினோதா காலை ஊன்றி, பிரேக்கைப் பிடித்து, ஒரு கேன் கவிழ, எப்படியோ விழாமல் நின்றாள். பின்னால் ஓடிவந்தவர்கள் வண்டியைப் பிடித்தார்கள்.

மேட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கணேசமூர்த்தி குடையை மடக்கினார்.

"தண்ணியாப் போச்சு. பாலா இருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் பேச்சில் நையாண்டி இல்லை. அதுதான் வினோதாவுக்கு இன்னும் சுட்டது.

சனிக்கிழமை விடியக் காலையிலேயே ஜீவராஜ் இடது கார்பரேட்டரை மறுபடியும் கழற்றிவிட்டான். கழுவினான், பூட்டினான், உதைத்தான். புகை. மறுபடி கழற்றினான். பிளக் கறுத்து நனைந்து வந்தது. மூன்றாம் தடவை கழற்றும்போது அவனுக்கு வாய் ஓடத் தொடங்கியது.

"அந்த அட்டன் மெக்கானிக் பயதான் என்னமோ பண்ணிட்டான். கடைசியா அவந்தான் கை வச்சான். ஒழுங்கா ஓடுன வண்டிய நாசமாக்கிப்புட்டான். அவன் கடையத் தேடிப் போயி நாலு வார்த்த கேக்காம விட மாட்டேன்."

வினோதா பால் கறந்த கையோடு கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடமாக அவன் அந்த மெக்கானிக்கைத் திட்டும்போதெல்லாம் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். இன்றைக்குப் போக இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம்.

"அவரத் திட்டாதீங்க" என்றாள்.

"என்னா?"

"மெக்கானிக்கத் திட்டாதீங்க! அவர் ஒன்னும் பண்ணல!"

"பின்ன யாரு பண்ணுனா?"

"நாந்தான்!"

"சத்தமாச் சொல்லு!"

பாவம், என்ன செய்வாள்? மற்ற வீட்டில் புருசனிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்வதென்றால் கதவைச் சாத்திவிட்டுக் காதோடு சொல்லலாம். இவள் வீட்டில் காதோடு சொன்னால் காதுக்குப் போகாது. வினோதா கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள். லயத்தில் பன்னிரண்டு வீட்டுக் காம்பராவுக்கும் கேட்டது.

"நாந்தாங்க அந்த ஜெட்ட நோண்டினேன்! பெற்றோல் இல்லாத வருசம்! நீங்க கொழும்புல இருந்தீங்க! தனுஷிகாவுக்கு ஓ எல் சோதனை! பஸ்ஸு இல்ல! டாங்குல ஒரு சொட்டுத்தான் பெற்றோல் கெடந்துச்சு! ஓட்டோக்காரங்க எல்லாம் மண்ணெண்ணயில ஓட்டுனாங்க! எப்படின்னு கேட்டேன்! ஜெட் ஓட்டையப் பெருசாக்கணும்னு சொன்னாங்க! தையல் மிசின் ஊசிய விட்டுத் திருகித் திருகிப் பெருசாக்கினேன்!"

லயத்தில் அம்மி அரைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

ஜீவராஜ் கையிலிருந்த ஜெட்டைப் பார்த்தான். மற்றப் பக்கத்து ஜெட்டையும் கழற்றி எடுத்தான். இரண்டிலும் வெட்டியிருக்கிற நம்பர் ஒன்றுதான். நம்பரைப் பார்த்தே இத்தனை நாளும் ஏமாந்திருந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வானத்துக்குப் பிடித்தால் இடது பக்கத்து ஓட்டை ஒன்றரை மடங்கு இருந்தது.

"ஒன்ன மட்டும் ஏன் நோண்டுன?" என்றான் கடைசியில்.

"என்னது?"

"ரெண்டு கார்பரேட்டர் இருக்குல்ல? ஒன்ன மட்டும் ஏன் நோண்டுன?"

வினோதாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு இருக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? வண்டி செவுத்தோட சாஞ்சு நின்னுச்சு! இந்தப் பக்கம் ஒன்னு தெரிஞ்சுச்சு! ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு மாதிரி ஒன்னுதான் இருக்கும்னு நெனச்சேன்!"

ஜீவராஜ் எழும்பினான். ஜெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெக்டரிக்குப் போய்விட்டான். திட்டியிருந்தாலாவது தேவலை என்று நின்றாள் வினோதா. அப்போது நாகலெட்சுமி தன் காம்பராவிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அண்ணே, ஜீவராஜண்ணே!" என்று போகிறவனுடைய முதுகைப் பார்த்துக் கத்தினாள். "அன்னைக்கு அந்த வண்டியில எம் மகளும்தான் போனா! மூணு பேரும் ஒரே வண்டியில! ஒம்பது நாளும் கொண்டு போயி விட்டுட்டுக் கூட்டிட்டு வந்தா ஒங்க பொஞ்சாதி! வண்டி போனாப் போவட்டும், எம் மக பாஸாயிட்டா!"

அவனுக்கு எவ்வளவு விழுந்ததோ தெரியாது. திரும்பிப் பார்த்தான். பிறகு நடந்தான்.

வினோதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலை மாற்றினாள். பத்து மணி பஸ்ஸில் ஏறி அட்டனுக்குப் போனாள். பஜாரில் சிதம்பரநாதன் முதலாளியின் கடையில் பழைய ஜப்பான் வண்டிச் சாமான்கள் தகர டப்பாக்களில் கிடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"ஹொண்டா இருநூறா? அது ஓடுதாம்மா இன்னும்?"

"ஓடணும் முதலாளி. எடது பக்க ஜெட் ஒன்னு குடுங்க."

"ஒன்னு வாங்காத. ரெண்டும் சோடியா மாத்து. எந்தத் தோட்டம்?"

சொன்னாள்.

"ஒசரம் எவ்வளவு?"

"என்னாங்க?"

"ஒங்க பெக்டரி வாசல் போர்டுல அடிக் கணக்குப் போட்டிருப்பாங்களே, அது எவ்வளவு?"

பிறந்ததிலிருந்து பார்க்கிற போர்டு. "நாலாயிரத்து எண்ணூறு" என்றாள்.

"அப்பச் சரி. இந்த வண்டி கொழும்புக் கணக்குக்குச் செஞ்சது. ஒங்க மலையில காத்து லேசு, எண்ணெயும் கொஞ்சமாத்தான் போவணும். ஒரு நம்பர் கொறச்சு ரெண்டு தாறேன். வேற வண்டிக்கு வர்றது, ஆனா புரி ஒன்னுதான்." டப்பாவைக் கவிழ்த்துக் கிளறி, இரண்டைப் பொறுக்கி, கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். "யாரு பூட்டுறது? மெக்கானிக்கா?"

"எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லும்போதுதான், அவர் இனிப் பூட்டுவாரா என்ற பயம் அவளுக்கு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜீவராஜ் கொட்டிலில்தான் இருந்தான். சுருட்டி வைத்த ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிவது, அவன் பக்கத்தில் கிடந்தது. மேசன்மார் சுவருக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அந்தக் குழாய். கொழும்பிலிருந்து வரும்போது கொண்டு வந்திருந்தான்.

அவள் கடதாசியை நீட்டினாள். அவன் இரண்டு ஜெட்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கியே. படிச்சுக்கிட்ட போல."

அவ்வளவுதான். வினோதா சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் தலையைக் குனிந்தபடி, உரத்த குரலிலேயே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல புள்ள. நா இருந்திருந்தாலும் அதத்தான் பண்ணிருப்பேன். ரெண்டையும் நோண்டிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. கொட்டில் தகரத்தில் பேச்சுக் கேட்காத அளவுக்குக் கொட்டியது. ஜீவராஜுக்கு அது ஒரு குறையே இல்லை. ஜெட்டுகளைப் பூட்டியாயிற்று. புகை போய்விட்டது. ஆனால் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தால் வலது பக்கம் முன்னாடியும் இடது பக்கம் பின்னாடியும் இழுத்தது. ஒரு கயிற்றில் இரண்டு மாடு கட்டி, ஒன்று இழுக்க மற்றது மெல்ல வந்தால் என்ன ஆகும்? அதுதான்.

"முந்தியெல்லாம் காதால கேட்டு சமப்படுத்திருவேன். இப்ப கண்ணாலதான் கேக்கணும்" என்று குழாயை எடுத்தான். எஞ்சினுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஸ்குரூ இருந்தது. அதைக் கழற்றி, குழாயின் இரண்டு நுனியையும் இரண்டு ஓட்டையிலும் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான். "நடுவுல தண்ணி நிக்கணும். எந்தப் பக்கம் ஜாஸ்தியா இழுக்குதோ அந்தப் பக்கம் தண்ணி ஏறும். ரெண்டு பக்கமும் மட்டமா நின்னா எஞ்சின் சமம். செவுரு எழுப்புற மாதிரிதான்."

"தண்ணி இந்த இருட்டுல தெரியவா போவுது?" என்றாள் வினோதா. உள்ளே போய் அடுப்பில் இருந்த சாயத் தண்ணீரை, பாலும் சீனியும் போடாத வெறும் தேயிலைச் சாயத்தை, கேத்தலோடு கொண்டு வந்தாள். குழாயில் சிவப்பாக நின்றது.

முதல் தடவை குழாயைத் தரையிலேயே வளைத்துப் போட்டிருந்தார்கள். வண்டி எழும்பியதும் வலது பக்கம் ஒரே இழுவையில் அத்தனை சாயத்தையும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, வெள்ளையாக ஆவி விட்டு நின்றது. மழைக்கு ஒதுங்கி வேடிக்கை பார்த்த நாகலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல சாயம்தான் அது, அதான் விட மனசு வரல!"

ஜீவராஜ் பிளக்கைத் துடைத்துப் பூட்டினான். குழாயைக் கொட்டில் விட்டத்தில் உயரமாகத் தொங்கவிட்டு, நடுப்பகுதியைக் கீழே வளைத்து, மறுபடி சாயம் ஊற்றச் சொன்னான். இந்தத் தடவை சாயம் வலது பக்கம் இரண்டு முழம் ஏறி நின்றது. வினோதா அக்சிலேட்டரைப் பிடிக்க, அவன் கேபிள் நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினான். சாயம் ஒரு முழம் இறங்கியது. ஒரு சாண் இறங்கியது. நாலு விரல். அவன் மூச்சுக்கூட விடவில்லை. இன்னும் ஒரு பொட்டுத் திருப்பினான். இரண்டு பக்கத்துச் சிவப்புக் கோடும் ஒரே உயரத்துக்கு வந்து, சின்னதாக ஆடி, நின்றது.

"முறுக்கு" என்றான். முறுக்கினாள். அசையவில்லை.

ஜீவராஜ் எழுந்து போய், இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் உள்ளங்கையைப் பிடித்தான். மழைச் சாரல் முதுகில் அடிக்க, அப்படியே வெகுநேரம் குந்தியிருந்தான். காது போன நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை வினோதா பார்க்கவில்லை.

சாயந்தரம் அவள் கணேசமூர்த்தி வீட்டுக்குப் போய்க் கேட்டாள். "ஒங்க பாலும் வந்தாத்தான் அம்பது வரும் அண்ணே."

"வண்டி ஏறட்டும் தாயி. பெறவு பாப்போம்" என்றார் அவர். அதற்கு மேல் கெஞ்ச அவளுக்கும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு ஏழு வீட்டுப் பாலும் இரண்டு கேனில் நிரம்பியது. மழை விட்டு, பனி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜீவராஜ் பெக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு முன்னாலேயே மூன்றாம் முடக்குக்கு ஏறிப்போய் நின்றான். பின்னுக்கு உருண்டால் பிடிக்க ஆள் வேண்டுமல்லவா? கையில் ஒரு பெரிய கல்லையும் சில்லுக்குப் போட எடுத்து வைத்திருந்தான்.

வண்டி வருகிற சத்தம் அவனுக்குக் கேட்காது. பனியில் கண்ணுக்கும் தெரியாது. அதனால் அவன் றோட்டைப் பார்க்கவில்லை, முடக்குக்கு மேலே கொழுந்து மலையில் நிரைபிடித்து நின்ற பெண்களைப் பார்த்தான். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கீழ்ப்பக்கம் திரும்பின. கைகள் நின்றன. ஒருத்தி கூடையோடு எட்டிப் பார்த்தாள். திரும்பிய தலைகள் மெல்ல மெல்ல முதலாம் முடக்கிலிருந்து இரண்டாம் முடக்குக்கு நகர்ந்தன. பிறகு எல்லாத் தலையும் நேராக அவனைப் பார்த்தன.

பனிக்குள்ளிருந்து ஹொண்டா வந்தது. வினோதா பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல், ஒரே மூச்சில் முடக்கைச் சுற்றி ஏறிப் போனாள். புகை இல்லை. கொழுந்து மலையில் பெண்கள் கூவினார்கள். ஜீவராஜ் கையிலிருந்த கல்லைப் பள்ளத்தில் விட்டெறிந்தான்.

சென்டரில் பண்டார மாத்தயா பாலுக்குள் தரம் பார்க்கும் மானியை விட்டுப் பார்த்தார். நல்ல பால். அளந்தார். முகம் வாடியது.

"நங்கி, முப்பத்தொம்பதுதானே இருக்கு. அம்பது சொன்னது."

மணி ஏழு பத்து.

"எட்டு மணி வரைக்கும் இருக்குதானே மாத்தயா?"

"இருக்கு. ஆனா..."

மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. வெறுங்கேன் கடகடக்கப் பறந்தாள்.

மூன்றாம் முடக்குக்கு இறங்கியபோது, ஜீவராஜுக்குப் பக்கத்தில் றோட்டோரக் கல்லில் கணேசமூர்த்தி உட்கார்ந்திருந்தார். முழங்காலிலும் கட்டியிருந்த சாரத்திலும் மண்ணும் ரத்தமும். பக்கத்தில் பால் கேன், மூடி கழலாமல் பத்திரமாக. வழக்கம்போலக் குறுக்குப் பாதையில் ஏறியவர், மழையில் வழுக்கி விழுந்திருக்கிறார். விழும்போது கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலைக் கொடுத்திருக்கிறார். பால்காரன் அப்படித்தான் விழுவான்.

"ஏறுங்கண்ணே" என்றாள் வினோதா.

"நா நொண்டிக்கிட்டே போயிர்றேன் தாயி."

"நீங்க நொண்டிப் போய்ச் சேரும்போது ஒம்பது மணி. ஒங்க பாலும் திரும்பி வரும், எங்க பேரும் வெட்டுப்பட்டுரும். ஏறுங்க."

"நானும் கேனும் சேந்தா எவ்வளவு கனம்னு தெரியுமா? நின்ன எடத்துல இருந்து இந்த ஏத்தத்துல எடுக்குமா இது?"

அதுதான் கேள்வி. ஓடிவந்த வேகத்தில் ஏறுவது வேறு, செங்குத்து முடக்கில் நின்ற நிலையிலிருந்து எடுப்பது வேறு. வினோதா ஜீவராஜைப் பார்த்தாள். கணேசமூர்த்தி சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை, ஆனால் ஏற்றத்தைக் காட்டிய கை தெரிந்தது. வண்டியைப் பிடித்து மேல்முகமாகத் திருப்பினான். குனிந்து பின்னால் இரண்டு கையையும் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"எடுக்கும்! அண்ணன ஏறச் சொல்லு!" என்று மலைக்கே கேட்கக் கத்தினான்.

கணேசமூர்த்தி கேனை மடியில் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பின் சில்லு ஒருமுறை பள்ளத்துப் பக்கமாக அரை அடி உருண்டது. "முருகா" என்றார் அவர். வினோதா முறுக்கிக்கொண்டே கிளச்சை விட்டாள். இரண்டு பக்கமும் ஒரே குரலில் உறுமின. வண்டி ஒரு கணம் அதே இடத்தில் நடுங்கிவிட்டு, ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. கொழுந்து மலையிலிருந்து மறுபடி கூவல் எழுந்தபோது, கணேசமூர்த்தியும் ஒரு கையைத் தூக்கிக் கூவினார். வெட்கத்தை எந்த முடக்கில் விட்டாரோ!

எட்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பண்டார மாத்தயா அளந்து முடித்தார். பன்னிரண்டு லீற்றர்.

"கணேசமூர்த்தி, ஒங்கட பாலைத் தனியாத்தானே எழுதுறது?" என்று கேட்டார்.

கணேசமூர்த்தி காயம்பட்ட முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். இருபது வருடமாகத் தன் பாலைத் தன் பெயரில் தனியாகக் கொடுத்துப் பழகிய மனிதர். ஹொண்டாவை ஒருமுறை பார்த்தார். ஹான்டிலைப் பிடித்தபடி, கண் கலங்க நின்ற வினோதாவையும் பார்த்தார்.

"தனியா எதுக்கு மாத்தயா? சேத்தே போடுங்க. பள்ளத்து டிவிசன், அம்பத்தொன்னு."

"நாளைக்கும் வருமா?"

"ஏழு மணிக்கே வரும்" என்று சொல்லிவிட்டு வினோதா உதைத்தாள். முதல் உதையிலேயே இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது.